ஒரு பிடி மிளகு

ஆவுடையப்பன் வீட்டு அடுப்பில் அன்றைக்கும் மீரான் குழம்பு கொதித்தது. கொதித்ததே தவிர, உருப்படவில்லை.

லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர் அவர். ஸ்டியரிங்கை விட்ட கையோடு கரண்டியைப் பிடித்துக்கொண்டார். போன ஊர்களில் யார் வீட்டில் எதைச் சாப்பிட்டாரோ, அதையெல்லாம் நல்ல நாள் பார்த்து வீட்டில் செய்துவிடுவார். சித்திரை விசுவுக்குத் தலச்சேரி குஞ்ஞிராமன் சொல்லிக்கொடுத்த கடலைக்கறி. கார்த்திகைக்கு ராஜமுந்திரி சத்தியத்தின் பருப்புப்பொடி. சமைத்ததற்கெல்லாம் ஆள் பெயர்தான். "இந்த அடுப்புக்கு இருக்க சொந்தக்காரங்க எனக்குக் கூட இல்ல" என்பாள் அவர் மனைவி பகவதி.

மீரான் குழம்பு மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது.

மறுநாள் அவருக்கு அறுபதாங் கல்யாணம். கடையநல்லூரிலிருந்து மீரானே வருகிறான். பகவதிதான் போன் போட்டு அழைத்திருந்தாள். "வாரேன் மதினி, அவன்கிட்டயும் சொல்லிருங்க" என்று சொன்னானாம். கேட்டதிலிருந்து ஆவுடையப்பனுக்குத் தூக்கமில்லை. ஒரே லாரியில் சேர்ந்து ஓடிய கூட்டாளி; பார்த்துப் பல வருஷமாயிற்று. அவன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவன் குழம்பையே அவன் இலையில் ஊற்றிவிட்டால் மிச்சத்தைக் குழம்பு பேசிக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்.

அதனால்தான் முந்தின நாளே ருசி பார்த்துச் சொல்லக் கணக்குச்சாமியைச் சாப்பிட அழைத்தார். சாமி ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றங்கரை மண்டபத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் கணக்கு அவரை விடவில்லை. ஆவுடையப்பனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு. குரு சிஷ்யரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

சாமி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்துக் காலி செய்தார்.

"எப்படிச் சாமி இருக்கு?"

"மிளகு இருக்கு, அண்ணாச்சி."

"குழம்பு?"

"அதைத்தான் தேடுதேன்."

பகவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிளகைக் குறைங்க, குறைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் சாமி. கேட்டாத்தான?"

"நீ சும்மா கெட" என்றார் ஆவுடையப்பன். "மீரான் ஒரு பிடி மிளகு போடுவான். கூடவும் கிடையாது, குறைச்சலும் கிடையாது. அதைத் திருத்த நான் யாரு? அவன் வச்சா தொண்டையில இதமா இறங்கும். நான் வச்சா நெஞ்செல்லாம் எரியுது. ஏன் சாமி, என் கைக்கு மட்டும் ஏன் வரமாட்டங்கு?"

சாமி கை கழுவிவிட்டு வந்தார். மிளகு டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒரு பிடி அள்ளி வேறொரு வெறுந்தட்டின் ஓரத்தில் போட்டார்.

"நீங்க ஒரு பிடி போடுங்க."

ஆவுடையப்பன் போட்டார். லாரி ஓட்டிய கை. சாமியின் குவியல் அதற்குப் பக்கத்தில் சோப்ளாங்கியாகத் தெரிந்தது.

"இதுல எது பிடி?"

"ரெண்டும் பிடிதான் சாமி."

"மீரான் பிடி?"

"அவனும் என்னை மாதிரி ஆளுதான். கை இம்புட்டு இருக்கும்."

"அவர் எப்படி அள்ளுவாரு? அள்ளிக் காட்டுங்க."

ஆவுடையப்பன் கையை நீட்டினார். டப்பாவின் வாயருகே அது நின்றுவிட்டது. சுண்டு விரலை மடக்கினார். கொஞ்சம் பொறுத்து மோதிர விரலையும் மடக்கினார். மிச்ச விரல்களால் அள்ளித் தட்டில் போட்டார். அது சாமியின் குவியலைவிடவும் சின்னது.

பகவதி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"செங்கோட்டையில மரம் இறக்கையில சங்கிலி அறுந்துட்டு சாமி. என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டான். அவன் கை மாட்டிக்கிட்டு. ரெண்டு விரல் போச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்க வரல. நீ ஓட்டுடே, நான் பொங்கிப் போடுதேன்னு கூடவே வந்தான். இந்தக் குழம்பு அப்ப வச்சதுதான்."

"பக்கத்துல இருந்துதான பாத்தீங்க?"

"சட்டியப் பாத்தேன் சாமி. கையப் பாக்கல. பாத்தா எனக்குச் சோறு இறங்காது. அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருநாள் அவனாவே வண்டிய விட்டு இறங்கிட்டான். நானும் போய்ப் பாக்கல."

அவருக்கு அழுகை வந்தது. பழியை மிளகின் மேல் போட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து நிமிர்ந்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"போகட்டும் சாமி. அளவு தெரிஞ்சு போச்சுல்லா. நாளைக்குக் குழம்பு அச்சு அசலா வந்துரும்."

அந்தச் சின்னக் குவியலை எடுத்து வைக்கக் கிண்ணம் தேடினார். அவர் திரும்புவதற்குள் சாமி மூன்று குவியலையும் கையால் கலந்தார். தட்டைச் சாய்த்து டப்பாவில் கொட்டி மூடினார்.

"என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க! அளவு போச்சே!"

"நாளைக்கு அவர் வந்ததும் டப்பாவை அவர்கிட்ட நீட்டுங்க."

"விருந்துக்கு வந்தவன அடுப்படியில நிறுத்தவா? ஊரு காறித் துப்பாதா?"

சாமி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஆவுடையப்பனின் குரல் இறங்கியது. "அவன் அள்ளும்போது நான் பக்கத்துல நிக்கணும். அந்தக் கைய நான் பாக்கணுமே, சாமி."

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுக்குத்தான அண்ணாச்சி விருந்து."