திருமேனியின் போட்டோவும் நாலு மணி பஸ்ஸும்

கோணமங்கலத்தில் நாலு சிநேகிதர்கள் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் என்று ஊரில் பேச்சு. அது வீண் வதந்தி. அந்த ஒன்றையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நால்வரில் திருமேனிக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினாறு வருஷமாகப் பெண் பார்க்கப் போய்ப் போய், கேசரியும் பஜ்ஜியும் தின்று உடம்பு பெருத்ததுதான் மிச்சம். ஒருவழியாக வைரக்கண்ணு என்ற பெரியவர் தம் பெண்ணைக் கொடுக்க இசைந்தார்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பொண்ணு ஒரு போட்டோ பார்க்கணும்ங்குது" என்றார் அவர். "போன்ல அனுப்பாதீங்க, எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. அச்சுப் போட்டுக் கையில கொடுங்க. இன்னைக்கு நாலு மணி பஸ்ஸுக்கு நான் ஊருக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள வரலைன்னா, இன்னொரு வரனோட போட்டோ பையிலயே இருக்கு."

திருமேனியின் போனில் ஒரு நல்ல போட்டோ இருந்தது. போன வருஷம் தேரோட்டத்தில் எடுத்தது. அவன் இரண்டு கண்ணையும் திறந்திருக்கிற ஒரே படம் அதுதான். அதை அச்சுப் போட ஊரில் பொன்னுரங்கத்தின் செராக்ஸ் கடையை விட்டால் வேறு இடம் கிடையாது. பொன்னுரங்கமும் நால்வரில் ஒருவன்தான்.

பன்னிரண்டரை மணிக்குக் கடையில் கூடினார்கள். கேபிளின் ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் செருகினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திருமேனி கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி செருகினான்.

"பதறாதே" என்றார் ஆவுடையப்பன். நால்வரில் அவர்தான் மூத்தவர். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர் என்பதால், எதையும் வாசித்துச் சொல்லும் பொறுப்பு அவருடையது. போன் வந்த டப்பாவிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். "எல்லாம் இதுல தமிழ்லயே போட்டிருக்கான். போட்டபடி செய்வோம். நம்ம புத்தியை இதுல கலக்க வேணாம்."

அந்த ஆபத்து இல்லை என்றாலும் மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் உரக்கப் படித்தார்: "இரு சாதனங்களையும் அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் தொடங்கவும்."



"அணைக்கிறதுன்னா லேசாவா, இறுக்கியா?" என்று கேட்டான் காத்தமுத்து. நால்வரில் கடைசி ஆளான அவன் எதிலும் சந்தேகம் கேட்காமல் இறங்க மாட்டான்.

"போடலை. நடுத்தரமா அணைங்க."

திருமேனி போனை மார்போடு அணைத்துக்கொண்டான். பொன்னுரங்கம் கம்ப்யூட்டர் திரையைக் கட்டிக்கொண்டான். கீழே இருந்த பெட்டியைக் காத்தமுத்து மண்டியிட்டு அணைத்துக்கொண்டான். ரேஷன் கார்டை நகல் எடுக்க வந்த ஒரு அம்மாள் வாசலில் நின்று பார்த்தார். அவசரமில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் ஆனதும் கையை எடுத்தார்கள். 'மீண்டும் தொடங்கவும்' என்று இருந்ததால் மீண்டும் தொடங்கினார்கள்.

எத்தனை தடவை என்று புத்தகத்தில் இல்லை. ஆறாவது அணைப்பில் திருமேனியின் பிடி தாங்காமல் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் திரையில் ஒரு கேள்வி: 'இந்தக் கணினியை நம்புகிறீர்களா?' அதன் கீழே 'நம்பு', 'நம்பாதே' என்று இரண்டு பொத்தான்கள்.

"நம்பு" என்று விரலைக் கொண்டுபோனான் திருமேனி. ஆவுடையப்பன் அவன் கையைப் பிடித்தார்.

"அவசரப்படாதடா. உன்னை நம்பி ஒரு போன் கேக்குது. விசாரிக்காம வாக்குக் கொடுக்கலாமா? பொன்னுரங்கம், உன் கம்ப்யூட்டர் பூர்வீகம் எது?"

"அறந்தாங்கிண்ணே. ஒரு டைப்பிங் கிளாஸ்ல இருந்தது. அவங்க நொடிச்சுப்போய் வித்தாங்க, வாங்கிட்டேன்."

"நொடிச்ச இடம்" என்று காத்தமுத்து உதட்டைப் பிதுக்கினான். "சீக்கு கீக்கு ஏதாச்சும்?"

பொன்னுரங்கம் தயங்கினான். "ஒரே ஒரு தடவை வைரஸ் வந்துச்சு."

"பார்த்தியா, மறைக்கப் பார்த்தான்!"

"அதெல்லாம் சொஸ்தமாயிருச்சு! அஞ்சு நிமிஷம் யாரும் தொடலைன்னா தூங்கிரும். அதுதான் ஒரு குறை."

"பகல்லயா?"

"பகல்லதான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுரங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவன் போன் மட்டும் என்ன உசத்தி? கண்ணாடியில விரிசல். ரெண்டு மணி நேரம் பேசினா மயங்கி விழுந்துருது."

"என் போனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே!" என்று திருமேனி எகிறினான். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

கடைசியில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதென்று முடிவாயிற்று. காத்தமுத்து எதிர்க்கடைத் தையல்காரரிடம் போய், பொன்னுரங்கத்தின் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது என்று ரகசியமாகக் கேட்டுவிட்டு வந்தான். "பத்து வருஷமா எதிர்லதான் இருக்காராம். அது ஒருத்தர் வம்புக்கும் போய்ப் பார்த்ததில்லைன்னு சொல்றாரு."

இவ்வளவு நல்ல பெயர் கோணமங்கலத்தில் வேறு யாருக்கும் இல்லை. திருமேனி 'நம்பு' என்பதை அழுத்தினான்.

அழுத்திய மறுகணம், ஐயா, கம்ப்யூட்டர் திரையில் அவன் போட்டோ வந்துவிட்டது! இரண்டு கண்ணும் திறந்தபடி, தேர் பின்னால் நிற்க, திருமேனி சிரித்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷத்துச் சந்தோஷமும் ஒன்றாக வந்தது போல இருந்தது அவனுக்கு. மணி இரண்டுதான்.

ஆவுடையப்பனின் பார்வை கேபிள் மீது விழுந்தது.

"இது என்ன அநியாயம்? நம்புறோம்னு வாயால சொல்லிட்டு, இன்னும் கயித்தைப் போட்டுக் கட்டி வச்சிருக்கோமே. அது என்ன நினைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே கேபிளைப் பிடுங்கினார்.

போட்டோ மறைந்தது. 

"பார்த்தியா, கோவிச்சுக்கிச்சு" என்றார் ஆவுடையப்பன். "முதல்லயே பிடுங்கியிருக்கணும்." மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். "இந்தா, இதுக்கும் வழி போட்டிருக்கான். 'கேபிள் இல்லாமல் இணைக்க, இரு சாதனங்களையும் ஜோடி சேர்க்கவும்.'"

"ஜோடி சேர்க்கிறதுன்னா?" என்றான் காத்தமுத்து.

"கல்யாணம்தான். வேற என்ன?"

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அதற்காகத்தான் நம்பச் சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் விசாரித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அணைக்கச் சொன்னது மட்டும் அச்சுப் பிழையாக இருக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் அபிப்பிராயப்பட்டார்.

இரண்டின் முதுகிலும் ஒட்டியிருந்த சீட்டில் பிறந்த தேதி இருந்தது. பொருத்தம் பார்த்தார்கள். மாப்பிள்ளையான கம்ப்யூட்டருக்கு வயசு பதினொன்று, பெண்ணான போனுக்கு இரண்டு.

"வயசு வித்தியாசம் ஜாஸ்தியா இருக்கே" என்றான் காத்தமுத்து.

"எனக்கும் வரப்போறவளுக்கும் ஒன்பதுதான்" என்று திருமேனி மெல்லச் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் அதைக் கிளறவில்லை.

அன்று வியாழக்கிழமை. மூன்று மணி வரை ராகுகாலம். திருமேனி கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி மூன்று அடித்ததும் பெண்ணைப் பெற்றவனாகக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, போனை உள்ளங்கையில் வைத்து, பொன்னுரங்கத்துக்குத் தாரை வார்த்துக் கொடுத்தான். சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் போனுக்குள் போய்விட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று காத்தமுத்து சொன்னான். ஆவுடையப்பன் கேபிளை எடுத்துப் போனைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். அட்சதையில் பாதி கீபோர்டுக்குள் விழுந்தது. போனைக் கம்ப்யூட்டருக்கு வலப்பக்கம் அமர்த்தினார்கள்.

"இனிமே போட்டோவை அச்சுப் போடலாமில்ல?" என்றான் திருமேனி. மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது.

பொன்னுரங்கம் சம்பந்திக்கு உரிய மரியாதையோடு கை கூப்பினான். "சம்பந்தி, நீங்க கேட்டு நான் மறுக்கக் கூடாது. ஆனா வந்த அன்னைக்கே மருமகளை வேலை வாங்கினான்னு ஊர் என்னைக் காறித் துப்பும். ஒரு மூணு நாள் போகட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. திருமேனியும் தலையை ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. திரையில் வைரக்கண்ணுவின் பெயர். திருமேனி பாய்ந்து கையை நீட்டினான். ஆவுடையப்பன் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"கட்டிக்கொடுத்த இடத்துல கை வைக்கலாமாடா?"

"அண்ணே, பேசுறது பொண்ணோட அப்பா!"

"இப்ப நீயும் பொண்ணோட அப்பாதான். அதுக்குத் தக்கபடி நடந்துக்க."

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திருமேனி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெற்றவன் மனசு அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வருவார்கள் என்று பேசி முடித்து, திருமேனி வெளியே வந்தான். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலும் மிக்ஸியைச் செருகி வைத்திருந்தான். வருகிற மாப்பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்ற கவலையில், தெருவில் எதிரே வந்த நாலு மணி பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டான். ஜன்னலோரமிருந்து வைரக்கண்ணு கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டதற்கு, "சனிக்கிழமை மறுவீடு, குடும்பத்தோட வந்துருங்க" என்று கும்பிட்டு அழைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.