பெஞ்சில் ஒரு பெரியவர் குறைகிறார்

வரும்போது இருந்தது, போகும்போது இல்லை. யாரும் எடுக்கவும் இல்லை. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

நிழல் என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் கொக்கரக்குளத்து ஆவுடையப்பனைக் கேட்டால், நீலத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் என்பார்.

கொக்கரக்குளத்துக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். ஆவுடையப்பனின் தம்பி நெல்லையப்பனுக்கு ஜப்பானில், ஒசாகா நகரத்தில் வேலை. அவனைப் பார்க்கப் போயிருந்த ஆவுடையப்பன், மனைவி கோமதி, அவள் அண்ணன் சுடலைமுத்து, ஏழு வயது மகள் இசக்கி ஆகிய நால்வருக்கும் அன்று சாயங்காலம் ஊர் திரும்ப விமானம். காலையில் தம்பி அவர்களை நகரின் நடுவே ஒரு பூங்காவில் இறக்கிவிட்டான். வெளியே ஒரே வாகன இரைச்சல். உள்ளே இலை விழுந்தால் கேட்டது.

“நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேண்ணே. ஒண்ணே ஒண்ணுதான். நீங்க வரும்போது இந்த இடம் எப்படி இருந்துச்சோ, போகும்போதும் அப்படியே இருக்கணும். இந்த ஊர் வழக்கம் அது. என் பேரைக் காப்பாத்துங்க.”

தம்பியின் பேர் ஆவுடையப்பனுக்கு உயிர். உடனே டைரியில் எழுதிக்கொண்டார்: பெஞ்சு ஒன்று. அதில் நீலத் தொப்பிப் பெரியவர் ஒருவர், தூக்கம், வாய் திறந்தபடி. புறா மூன்று.

புல்லில் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட்டார்கள். மூன்றரை மணிக்குச் சரிபார்ப்பு தொடங்கியது. படுத்துப்போன புல்லைக் கோமதி சீப்பால் வாரி நிமிர்த்தினாள். புதிதாக விழுந்த இலைகளைச் சுடலைமுத்து பொட்டலம் கட்டிய நூலால் கிளையிலேயே கட்டினார். புறாக்கள்தான் ஏழு ஆகியிருந்தன.

“நாலை விரட்டிருவோம் மாப்ளே,” என்றார் சுடலைமுத்து.

“எந்த நாலை? முதல்ல இருந்ததை விரட்டிட்டா?”

“ஏங்க, அதுககிட்டயே கேட்டுப் பாருங்களேன்,” என்றாள் கோமதி.

“கேட்டாலும் ஜப்பான் பாஷையிலதானே சொல்லும்.”

ஏழையும் விரட்டிவிட்டு, அப்புறம் மூன்றை மட்டும் அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூவரும் கை தட்டினார்கள். புறாக்கள் பறந்தன. பெரியவர் விழித்துக்கொண்டார். கைதட்டலுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஆவுடையப்பன் டைரியைப் புரட்டிப் பார்த்தார். பெஞ்சில் ஒரு ஆள் குறைகிறார். தம்பியின் பேர் போயிற்று.

“நம்மள்ல ஒருத்தர் இங்கேயே இருந்துர வேண்டியதுதான்,” என்ற சுடலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“வாயைத் திறங்க மச்சான்.”

“வாயைத் திறந்தா தூக்கம் வரலியே.”

“தூங்காம எப்படிண்ணே? டைரியில தூக்கம்னு எழுதியிருக்குல்லா,” என்றாள் கோமதி.

கோமதி உட்கார்ந்து பார்த்தாள். ஆவுடையப்பன் உட்கார்ந்து பார்த்தார். விமானத்தை நினைத்தால் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

நாலு மணிக்கு நெல்லையப்பன் ஓடிவந்தான். நால்வருடைய டிக்கெட்டும் அவன் பையில்தான். காரும் அவனுடையது, ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

“ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிக்கிறேண்ணே,” என்று பெஞ்சில் சாய்ந்தான். அலைச்சலில் அப்படியே வாய் திறந்தபடி தூங்கிப்போனான்.

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்கள்.

“யாரை விட்டுட்டுப் போறது? நாம சொன்னா பாரபட்சமாயிரும்,” என்றார் ஆவுடையப்பன்.

“இசக்கி சொல்லட்டும். பச்சைப் பிள்ளை, மனசுல ஒண்ணும் வச்சுக்காது,” என்றார் சுடலைமுத்து.

இசக்கி டைரியை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒவ்வொருவர் வாயையும் பார்த்தாள்.

சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தாள்.