கத்தரி போட்ட செய்தித்தாள்

தணிகாசலம் மோசமான அப்பா இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மனைவி இறந்த பிறகு அவன் மகள் பூவிழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே பாடம். கணக்கு, பாட்டு, செடிகொடிகளின் பெயர் எல்லாம் அவனே சொல்லிக்கொடுத்தான். வாசிப்புப் பழக்கத்துக்காகத் தினமும் செய்தித்தாளும் வாங்கினான். ஆனால் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவான். கொலை, விபத்து, வெள்ளம், நோய் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் மகளிடம் கொடுப்பான். சில நாள் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ராசிபலனும் தங்கம் விலையும்தான்.

ஒருநாள் அவன் தன் குருவைத் தேடிப் போனான். ஊரில் எல்லோரும் அவரைக் குருவம்மா என்பார்கள்.

"குருவம்மா, பிள்ளைக்கு நாட்டு நடப்பைச் சொல்லிக்கொடுக்கணுமா?"

"இப்ப என்ன திடீர்னு?"

"வாசல்படி தாண்ட மாட்டேங்குறா. விளையாடக் கூப்பிட்டாலும் வர்றதில்ல. சாப்பாடும் குறைஞ்சுபோச்சு. நான் வெட்டுனது பத்தலையோன்னு தோணுது. பேப்பரையே நிறுத்திடலாமான்னு இருக்கேன்."

குருவம்மா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தார்.

நல்ல வெயில் நேரம். ஆனால் தணிகாசலத்தின் வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. ஜன்னல்கள் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

"வெயிலுக்காக அவளே பசை காய்ச்சி ஒட்டினா," என்றான் தணிகாசலம். பெருமையாகத்தான் சொன்னான்.

வெட்டிய இடங்கள் வழியாக மட்டும் வெளிச்சம் உள்ளே வந்தது. தரையில் சின்னதும் பெரிதுமாகக் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. பூவிழி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். ஒரு கட்டத்தைச் சுற்றினாள். அடுத்ததை எட்டித் தாண்டினாள். ஓரிடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். பாவாடை நுனிகூட வெளிச்சத்தில் படவில்லை.

அது விளையாட்டு என்றுதான் இத்தனை நாள் தணிகாசலம் நினைத்திருந்தான். விளையாடுகிற குழந்தை சிரிக்குமே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏன் கண்ணு, அதை மிதிக்க மாட்டியா?" என்று கேட்டார் குருவம்மா.

பூவிழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆளுங்க இருக்காங்க."

"யாரு?"

"அப்பா வெட்டி எடுத்தவங்க."

தணிகாசலம் தன் காலடியைப் பார்த்தான். பூவிழி ஒவ்வொரு கட்டமாக விரல் நீட்டிக் காட்டினாள்.

"அது சின்னது. அதுல ஒருத்தர்தான் நிக்க முடியும். அந்த நீளமானதுல வரிசையா நிக்கிறாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாரும் நகர்ந்து போய்ச் சுவர்ல ஏறிடுவாங்க."

"உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

வாசற்கதவை ஒட்டி விழுந்திருந்த பெரிய கட்டத்தைக் காட்டினாள். "அது நான். முதல் பக்கத்துலயே வந்துடுச்சு. அதான் நான் வாசலுக்குப் போறதில்ல."

"நீதான்னு யாரு சொன்னா?"

"நம்மளைப் பத்தி இல்லேன்னா அப்பா ஏன் வெட்டணும்?"

குருவம்மா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "அதுல என்ன இருந்துச்சு?"

"புயல்." அவன் ஜன்னலைப் பார்த்தான். "வடக்கே எங்கயோ கரையைக் கடந்துச்சு. கூரையெல்லாம் பறந்துபோச்சு. ஜனங்களை முன்னாடியே பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்த் தங்க வச்சிருந்தாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகல."

"நான் அதுல இல்லையாப்பா?"

"இல்லம்மா."

பூவிழி அந்தக் கட்டத்தின் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு கால் கட்டைவிரலை மட்டும் நீட்டி அதன் ஓரத்தில் வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்து, முழுக் காலையும் ஊன்றினாள்.

"தரை சூடா இருக்கு," என்றாள்.

தணிகாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அவன் துண்டை எடுத்தபோது அவள் அறையின் மூலையில் நின்றிருந்தாள். அங்கேயும் ஒரு கட்டம் விழுந்திருந்தது. அதற்கு நேரே ஜன்னலில் இருந்த தாள் மற்றவற்றைவிடப் பழுப்பேறியிருந்தது. கட்டத்தின் நடுவில் ஒரு தட்டு. தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"இது யாருக்கு?" என்றார் குருவம்மா.

"அம்மாவுக்கு. என் சோத்துல பாதி. வெளிச்சம் நகர நகர நானும் தட்டை நகர்த்துவேன்."

பூவிழியின் அம்மா இறந்த மறுநாள் வந்த தாள் அது. அவன் முதன்முதலாக வெட்டியதும் அதைத்தான். அவள் அம்மா போன பேருந்து பாலத்திலிருந்து விழுந்த செய்தி, படத்தோடு வந்திருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் குழந்தையிடம் சொல்லிவைத்திருந்தான்.

பூவிழி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இதுல என்னப்பா இருந்துச்சு?"

அவன் தட்டைப் பார்த்தான். குருவின் பக்கம் திரும்பினான்.

"இதை எப்படி குருவம்மா சொல்றது?"

குருவம்மா தட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"வெட்டாம சொல்லு," என்றார்.