சிங்கத்துக்கு வந்த காலை உணவு

முன்பு, எங்கே இருந்தது என்று எவருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டைக் கோவேந்தன் என்ற அரசன் ஆண்டான். அவனுடைய ஒரே மகன் நோஞ்சான். அந்தக் கவலை அரசனை அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பூங்கோதை என்ற பாடினி சபைக்கு வந்து, "எங்கள் அரசன் ஆலமரம்" என்று பாடினாள். சபை சொக்கிப்போனது. அவைப்புலவர் ஆதிமூலத்துக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"அரசே, ஆலமரத்தின் அடியில் எதுவும் தழைக்காது. இவள் இளவரசரைக் குத்திக் காட்டுகிறாள்" என்றார்.

அரசனின் முகம் கறுத்தது. "இவளைச் சிறையில் அடையுங்கள்!"

விகடகவி கூத்தன் எழுந்தான். "அரசே, தீர்ப்பை நாளை சொல்லலாமே?"

"சரி. நாளை வரை பொறுக்கிறேன். அதுவரை இவள் சிறையிலேயே இருக்கட்டும்."

மறுநாள் காலை ஆதிமூலம் வழக்கம்போல, "சிங்கமே, வாழ்க!" என்று வணங்கினார். உடனே கூத்தன் ஒரு தாம்பாளத்தை அரசன் முன் வைத்தான். அதில் பச்சை ஆட்டுத் தொடை!

"என்ன இது?" என்று அரசன் சீறினான்.

"சிங்கத்துக்கு உணவு, அரசே. வாலுக்கு எண்ணெய் தடவவும் ஆள் வந்திருக்கிறது."

ஆதிமூலம் பதறினார். "அபசாரம்! நான் சொன்னது வீரத்தை மட்டும்!"

"நீர் சிங்கத்திடம் வீரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆலமரத்திடம் நிழலை மட்டும் எடுக்கக் கூடாதா?"

"அவள் 'ஆலமரம் போன்றவன்' என்றாவது பாடியிருக்கலாம். ஆலமரம் என்றே சொல்லிவிட்டாளே!"

கூத்தன் அரசனிடம் திரும்பினான். "இளவரசரை எப்படிக் கொஞ்சுவீர்கள், அரசே?"

"கண்ணே என்பேன்."

"கண் போன்றவனே என்பதில்லையா?"

"அப்படிச் சொன்னால் அவன் என்னைவிட்டுத் தள்ளி நிற்பதுபோல இருக்கும்" என்றான் அரசன் மெல்ல.

பிறகு அவனே சிறைக்குப் போய்க் கதவைத் திறந்தான். "என்ன நினைத்து அப்படிப் பாடினாய், அம்மா?"

"வெயிலில் நடந்து வந்தேன், அரசே. உங்கள் நாட்டில்தான் ஒதுங்க இடம் கிடைத்தது."

அரசன் தன் பட்டாடையை அவளுக்குப் போர்த்தி, கூத்தனுக்கு முத்துமாலை அணிவித்தான்.

"அரசே, உங்கள் கொடை கடல்!" என்ற கூத்தன், ஆதிமூலத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "புலவரே, உப்புக் கரிக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்!"

அரசன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். ஆதிமூலமும் வேறு வழியின்றிச் சிரித்தார்.