குளவி கட்டாத ஷூ

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் இருபத்தொரு பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்! மற்றப் பதினொன்றும் வேறு கதைகளுக்காகப் போனவை. அவற்றை இதில் சேர்க்காதீர்கள். இது சத்தியம்.

எங்கள் மலையடிவாரத்தில் ஒரு வாத்தியாரம்மா இருக்கிறார். பெயர் செங்கமலம், வயது முப்பத்தெட்டு. நெடுந்தூரம் ஓடக் கற்றுக்கொடுப்பவர். கொட்டுகிற மழையில் ஓடி வந்தவர் தலை நனையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு துளிக்கு நடுவில் ஓடத் தெரிந்தவர்.

அவரிடம் மாதேஸ்வரன் சீடனாகச் சேர்ந்தான். மலைப் பேருந்தில் நடத்துநர். ஐம்பத்தொரு வயது. பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் அதற்கு முன்னால் போய் நிற்பான்.

மலையைச் சுற்றி வருடத்துக்கு ஒரு பந்தயம். எண்பது கிலோமீட்டர். வாத்தியாரம்மா ஒரு சீடரை மூன்று பந்தயத்துக்குத்தான் வைத்துக்கொள்வார். அதற்குள் ஒன்றையாவது ஓடி முடிக்காவிட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

மாதேஸ்வரன் முதல் வருடம் அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில், ஒரு புளியமரத்தடியில் விழுந்தான். மறுநாள் காலையிலேயே ஓடக் கிளம்பினான்.

"மூணு வாரம் சும்மா இருங்கண்ணா" என்றார் வாத்தியாரம்மா.

"ஓடி முடிச்சவங்களுக்குத்தானுங்க ஓய்வு. நான் முடிக்கவே இல்லையே."

இரண்டாம் வருடமும் அதே இடத்தில் விழுந்தான். அதே புளியமரம். அடுத்த நாளும் ஓடினான்.

மூன்றாவது வருடம் வந்தது. அதுதான் கடைசி.

வாத்தியாரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் நெருங்க நெருங்க ஓட்டம் பாதியாகும், பிறகு கால்வாசியாகும். கடைசிப் பத்து நாள், எல்லாருடைய ஷூவும் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும். வெறுங்காலில் மைதானத்தை நாலு சுற்று மெதுவாக வரலாம். அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளில் ஷூவுக்குள் குளவி வந்து மண்கூடு கட்டும். பந்தயத்தன்று வாத்தியாரம்மா கத்தி முனையால் கூட்டை உடையாமல் பெயர்த்து, கொட்டாங்குச்சியில் வைத்துவிட்டு ஷூவைக் கொடுப்பார். எல்லா ஷூவிலுமா கட்டும் என்று கேட்காதீர்கள். நான்தான் முதலிலேயே சத்தியம் செய்துவிட்டேனே.

நாலாம் நாள் மாதேஸ்வரன் வந்து நின்றான்.

"வாத்தியாரம்மா, முழங்கால் வலிக்குதுங்க. ஓடறப்ப வலிக்கலைங்க."

"வலிக்கட்டுங்கண்ணா. இத்தனை நாளா அதுக்குப் பேச நேரம் கிடைக்கலை."

"கால் மறந்துபோயிருமுங்க."

"பத்து நாள்ல மறக்கறதை வச்சுக்கிட்டா எண்பது கிலோமீட்டர் போகப்போறீங்க?"

ஆனால் மறுநாள் விடிகாலையில் அவன், முதல் பேருந்துக்கு முன்னால் கொட்டகைக்குப் போனான். கொட்டகைக்குக் கதவில்லை. ஷூவை எடுத்தான். உள்ளே ஈரமாக ஒரு மண் உருண்டை. கட்டைவிரலால் துடைத்தெறிந்துவிட்டு இருபது கிலோமீட்டர் ஓடினான். ஷூவைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

அடுத்த நாளும் ஒரு மண் உருண்டை. அதையும் துடைத்தான். அதற்கடுத்த நாளும்.

பந்தயத்துக்கு முதல் நாள் தையற்கடை ஜெயக்கொடி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் சீடப்பெண்தான்.

"ஏனுங்கண்ணா, உங்க ஷூவுக்கு மட்டும் குளவியே வரலையாட்டம்? வாசம் தாங்கலைங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாதேஸ்வரனும் சிரித்தான். மறுநாள் காலை ஷூவை வரிசையாகக் கொடுப்பார்களே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

காலையில் வாத்தியாரம்மா ஒவ்வொரு ஷூவாக இறக்கினார். பத்து ஷூவிலிருந்து பத்துக் கூடு கொட்டாங்குச்சிகளுக்குப் போயின. பதினோராவது மாதேஸ்வரனுடையது. உள்ளே கையை விட்டார். விரல் நுனியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது. வேறொன்றும் இல்லை.



மாதேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "தினமும் ஓடினேனுங்க" என்றான்.

வாத்தியாரம்மா கோபிக்கவில்லை. விரலில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளவி இத்தனை நாளா மொத நாள் வேலையையே பார்த்துட்டு இருக்குதுங்கண்ணா."

பிறகு ஷூவை அவனிடம் நீட்டினார்.

"ஓடறதுன்னா ஓடுங்க. இது மூணாவது."

அவன் வாங்கிக்கொண்டான். வெளியே பந்தயத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பெயரையும் கூப்பிட்டார்கள். நாடாவை அவிழ்க்கக் குனிந்தபோது காதருகே ரீங்காரம். வாயில் மண்ணைக் கவ்விக்கொண்டு குளவி வந்துவிட்டது. காலியான ஆணியை ஒருமுறை சுற்றியது. பிறகு அவன் கையைச் சுற்றியது. உட்கார இடமில்லாமல் மறுபடி ஆணிக்கே போனது.

இரண்டாம் தடவையும் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாதேஸ்வரன் எழுந்தான். ஷூவைப் பழைய ஆணியில் மாட்டினான். மாட்டிய பிறகும் கையை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

மூன்றாம் தடவை யாரும் கூப்பிடவில்லை.

வாத்தியாரம்மா அவனை அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்க அனுப்பினார். அதே புளியமரத்தடி. பகல் முழுக்க அவன் தம்ளர் தம்ளராக நீட்டினான். வெயிலில் கண் செருகி வந்தவர்களின் தலையில் ஊற்றினான். நின்ற இடத்திலிருந்து பார்த்தபோதுதான் தன் முகம் அங்கே எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஜெயக்கொடி வந்தாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"அண்ணா! இந்த எடத்துல உங்களை நிக்கக் கண்டது இன்னைக்குத்தானுங்க!"

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவன் சிரிக்க நினைத்தான். கண்ணில் நீர் வந்தது.

சாயங்காலம் பத்துப் பேரும் முடித்து வந்தார்கள். ஷூக்களைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்கள். அவர்களுக்கு இனி மூன்று வாரம் ஓய்வு. எல்லாரும் போனபின் மாதேஸ்வரன் வாத்தியாரம்மா முன்னால் வந்து நின்றான்.

"என்னோட மூணும் முடிஞ்சுதுங்களா?"

"ஓடாததை நான் எப்படிங்கண்ணா எண்ணுவேன்?"

அவன் நெடுமூச்சு விட்டான். கொஞ்சம் தைரியம் வந்தது.

"அப்படின்னா நாளைக்கே ஆரம்பிக்கட்டுங்களா? அவங்கெல்லாம் ஓடிக் களைச்சிருக்காங்க. நான்தான் ஓடவே இல்லையே."

வாத்தியாரம்மா அவன் கால்களைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா ஓடறீங்க?"

"ஏழு வருஷமுங்க. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

"நடுவுல எப்பவாவது நின்னீங்களா?"

மாதேஸ்வரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"இன்னைக்குத்தானுங்க."

"அதான் பார்க்கறேன். உங்களுக்கு மூணு வாரம் போதுமான்னு."

கதை இவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்பதை மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த அம்மா துரத்தி வந்தால் என்னால் ஓட முடியாது.