மிக நன்று வாங்கிய குரங்கு

மருதங்காட்டுக் குளக்கரையில் சொக்கன் என்றொரு குரங்கு காவல் உத்தியோகம் பார்த்தது. சிறுத்தையின் தலை தெரிந்தால் மரத்து உச்சியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொக்கனோ அத்திப்பழத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குறட்டை விடும்.

சொக்கனுக்கு மேலதிகாரி வடிவு என்கிற கரடி. ஆண்டுக்கு ஒரு முறை, காட்டரசனான யானை கூட்டம் போட்டு, யார் எப்படி வேலை பார்த்தார்கள் என்று மேலதிகாரிகளைக் கேட்கும். ‘மிக நன்று’, ‘நன்று’, ‘போதாது’ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். முதல் வருடம் காடே நடுங்கியது. அடுத்த வருடம் கொட்டாவி விட்டது. அதற்கப்புறம் எல்லோருமே ‘மிக நன்று’ ஆகிவிட்டார்கள். முந்தின கோடையிலேயே செத்துப்போன காட்டெருமைகூட ‘மிக நன்று’ வாங்கியது.

இந்த முறை கூட்டம் தொடங்குமுன் ஒரு பெண்மான் வடிவைத் தேடி வந்தது. சொக்கன் தூங்கிய நேரத்தில்தான் அதன் குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்தது.

“இந்த வருசமாவது உள்ளதச் சொல்லுங்கம்மா. இன்னொண்ணு வயித்துல இருக்கு,” என்றது மான்.

வடிவுக்கு மனசு கேட்கவில்லை. “கண்டிப்பாச் சொல்றேன்,” என்று வாக்குக் கொடுத்தது. பாவம், அந்த நிமிடத்தில் மனதாரத்தான் சொன்னது.

கூட்டத்துக்குப் போன வடிவை, அரசனிடம் எழுத்தர் வேலை பார்க்கும் முள்ளம்பன்றி வழியிலேயே மடக்கியது.

“‘போதாது’ன்னு சொல்லப் போறீங்களாமே. தாராளமாச் சொல்லுங்க. ஆனா ஏன் போதாதுன்னு விளக்கம் குடுக்கணும். சாட்சி கொண்டாரணும். அவனத் திருத்த நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களையும் விசாரிப்பாங்க. அப்புறம் குரங்குக் கூட்டம் மொத்தமும் வந்து உங்க குகை மேல கல்லெறியும்.”

“‘மிக நன்று’ன்னு சொன்னா?”

“அதுக்கு விளக்கமே வேணாம்மா. ஒரு பய கேக்க மாட்டான். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்.”

குகையில் தனியாக இருக்கும் தன் குட்டிகளை வடிவு நினைத்தது. புதிதாகப் பார்த்து வைத்திருந்த தேன்கூட்டையும் நினைத்தது.

கூட்டத்தில் சொக்கன் பெயர் வந்தபோது, மான் இருந்த பக்கமே திரும்பாமல், “மிக நன்று,” என்றது.

யானை காதை ஆட்டியது. “வருசா வருசம் மிக நன்று. இப்படிப்பட்ட ஆளக் குளக்கரையில வீணாக்கலாமா? சிறுத்தை இப்போ பாறைப் பக்கம் நடமாடுதாம். வடிவு, நீயோ பகலெல்லாம் கரையான் புத்து தேடிப் போறவ. இன்னையிலேருந்து உன் குட்டிகளுக்குச் சொக்கன் காவல் இருக்கட்டும்.”

வடிவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. “வேணாங்க ராசா. இங்க மானுங்களுக்கு...”

“ஏன், அவன்கிட்ட ஏதாவது குறை இருக்கா?”

கூட்டமே வடிவின் வாயைப் பார்த்தது. மானும் பார்த்தது.

“இல்லீங்க,” என்றது வடிவு.

இப்போது சொக்கன் குகை வாசலில் படுத்துக் குறட்டை விடுகிறது. பக்கத்திலேயே வடிவு கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. இரை தேடப் போக வழியில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. குட்டிகள் பசியில் அழுகின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மான் கொஞ்சம் நின்று பார்க்கும்.

“ஏம்மா, வெளிய போகலையா? அதான் வாசல்ல ‘மிக நன்று’ காவல் இருக்காரே,” என்று கேட்டுவிட்டுப் போகும்.

தூங்குகிறவனுக்கு நற்சான்று கொடுத்தால், அவன் பார்க்க வேண்டிய காவலை நாம்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.