சாகடிக்கிற விரல்

முன்னொரு காலத்தில் பவளத்துறை என்ற கடலோர நாட்டை இளஞ்சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் முன்கோபி. கோபம் வந்தால் பேசமாட்டான். ஆட்காட்டி விரலை நீட்டுவான். அந்தத் திக்கில் நிற்கிற ஆளைக் காவலர்கள் கொலைக்களத்துக்கு இழுத்துப்போவார்கள். கொசுவைக் காட்ட விரலைத் தூக்கினாலும் சபையில் பாதிப்பேர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

ஒருநாள் அமைச்சர் ஆதனாரிடம் ஒரு மாலுமி, தூரத்துத் தீவிலிருந்து ஒரு பிராணியைக் கொண்டுவந்து கொடுத்தான். நம் தேவாங்குக்கு உறவு. பெரிய காது, முழித்த கண், குச்சிபோல நீண்ட நடுவிரல்.

"அந்த ஊர்க்காரர்கள் இதை அபசகுனம் என்று கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள் ஐயா. மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான்" என்றான் மாலுமி. ஆதனாருக்கு மனசு கேட்கவில்லை, வைத்துக்கொண்டார்.

அரண்மனையில் சகுனம் பார்க்கும் பிங்கலருக்கு ஆதனாரைக் கண்டாலே ஆகாது. நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா! அந்த மூதேவி யாரை நோக்கி விரல் நீட்டுகிறதோ, அவன் சாவான். அதைப் போய் உங்கள் அமைச்சர் வளர்க்கிறார். ஏன் என்று நீங்களே யோசியுங்கள்!"

மறுநாள் சபையில் ராஜா உறுமினான். "ஆதனாரே, அது எதற்காவது உதவும் என்று காட்டும் பார்ப்போம். இல்லாவிட்டால் அதோடு நீரும் போகவேண்டியதுதான்."

"அப்படியானால் மகாராஜா செல்லமாக வளர்க்கும் மரங்கொத்தியும் வரட்டும்" என்றார் ஆதனார்.

பட்டுப்போன மாங்கிளைகள் வந்தன. மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டியது, அலகால் துளைத்தது, நீள நாக்கை விட்டுப் புழுவை இழுத்தது. சபை ஆரவாரித்தது. பகலில் கண் கூசும் பிராணிக்காகச் சாளரங்களில் திரை போட்டார்கள். அது விரலால் தட்டியது, காதைச் சாய்த்துக் கேட்டது, பல்லால் துளைத்தது, அதே விரலை விட்டுப் புழுவை எடுத்தது.

"அந்தத் தீவில் மரங்கொத்தியே கிடையாதாம் மகாராஜா. இதுவும் அழிந்துபோனால் அங்கே இந்த வேலைக்கு ஆளில்லை" என்றார் ஆதனார்.

ராஜா சிரித்தான். அந்த நேரம் பார்த்துப் பிராணி தன் விரலை அவன் பக்கமே நீட்டிவிட்டது.

"பார்த்தீர்களா!" என்று அலறினார் பிங்கலர்.

ராஜாவின் முகம் வெளுத்தது. அவன் விரல் பிராணியை நோக்கி எழுந்தது, காவலர்கள் பாய்ந்தார்கள். ஆதனார் குறுக்கே போய் நின்றார்.

"மகாராஜா, பிங்கலர் சொன்னது நிஜம். யாரை நோக்கி நீள்கிறதோ அவரைச் சாகடிக்கிற விரல் ஒன்று இந்தச் சபையில் இருக்கிறது. ஆனால் அது புழு தேடுகிற விரல் இல்லை."

ராஜா தன் கையைப் பார்த்தான். விரல் இன்னும் ஆதனாரின் மார்புக்கு நேராக இருந்தது. அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. மெல்ல மடக்கிக்கொண்டான்.

பிறகு அந்த விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஆதனாருக்குப் போட்டான். "பிங்கலரே, அடுத்த கப்பலில் இதை அதன் காட்டிலேயே விட்டுவிட்டு வாரும். வழியெல்லாம் புழு பிடித்துக் கொடுப்பதும் உம் பொறுப்பு" என்றான்.

அதற்குப் பிறகு ராஜா கொசுவைக் காட்டினால், சபையில் எல்லோரும் கொசுவைத்தான் பார்த்தார்கள்.